கடைசி வாங்கு

மண்டபத்துக் கூரையில் ஒன்பது மின்விசிறிகள். ஆறு சுழல்கின்றன, மூன்று நிற்கின்றன. நிற்கிற மூன்றில்தான் இறக்கையில் எழுதியிருப்பதை வாசிக்க முடிகிறது. ஒன்றில் செட்டியார் தெரு நகைக்கடைக் குடும்பமொன்றின் பெயர். இன்னொன்றில் ‘அமரர்’ என்ற சொல்லுக்குப் பிறகு பெயிண்ட் உரிந்துவிட்டது. மூன்றாவதில் ‘சாதாரண தரம் 1998’ என்று மட்டும் இருக்கிறது. அந்த வருடம் சோதனை எழுதிய பிள்ளைகள் உழைக்கத் தொடங்கிய பிறகு காசு சேர்த்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள். சுவர் மணிக்கூட்டிலும் ஒரு பெயர். வாசலில் உள்ள தண்ணீர்த் தாங்கியிலும் ஒரு பெயர். அரசாங்கப் பள்ளிக்கூடம்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாகாணப் பாடசாலை, தமிழ்மொழி மூலம். சனிக்கிழமை காலை எட்டரை மணி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடப் பொதுக்கூட்டம். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிக்குப் போகும் 155 பஸ்ஸில் வந்தேன். தங்கைக்கு இன்று ஆஸ்பத்திரியில் பகல் வேலை. “அக்கா, ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வந்திடுங்கோ. ஒருத்தரும் போகாட்டி திங்கக்கிழமை பிள்ளையைத்தான் கேப்பினம்” என்று நேற்றிரவு சொன்னாள். பெறாமகள் பத்தாம் தரம், ‘பி’ பிரிவு.

வாசலில் இடாப்போடு ஒரு டீச்சர் இருந்தார்.

“நீங்க அம்மாவா?”

“பெரியம்மா.”

கொஞ்சம் யோசித்தார். “கையெழுத்துப் போடுங்க. ஆனா வாக்கெடுப்பு வந்தா கை தூக்க ஏலாது, கோவிக்காதீங்க. பெற்றோர், பாதுகாவலர், ஆசிரியர்தான் சங்கத்தில அங்கத்தவர்.”

இதில் கோவிக்க என்ன இருக்கிறது? கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தேன். ஆறாம் தரத்துப் பிள்ளைகளின் அளவுக்குச் செய்த வாங்கு. முழங்கால் மேசைத் தட்டில் முட்டுகிறது. தட்டில் கவராயத்தால் கீறிய பெயர்கள். இங்கிருந்து எல்லாருடைய முதுகும் தெரிகிறது. யன்னல் வழியாகத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன.

வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்மார். ஒரு ஓட்டோக்காரர் காக்கிச் சட்டையோடு ஓரத்தில், வண்டியின் சாவியைக் கையில் வைத்தபடி. கொச்சிக்கடைப் பக்கம் வடை விற்கும் அக்காவின் விரல் நுனியில் மஞ்சள் கறை. முக்காடிட்ட இரண்டு பேர் ஒரு கைக்குழந்தையை மாறி மாறி வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு முன் வரிசையில் வயதான பாட்டி ஒருவர், பக்கத்தில் பேத்தி. தாய் குவைத்தில் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மலைநாட்டுப் பேச்சு. ஜெம்பட்டா வீதி, புளூமெண்டால் வீதி, விவேகானந்தா மேடு, முகத்துவாரம் என்று ஒரு மைல் சுற்றுவட்டாரமே இந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தேவாரம் முடிந்தது. மேடையில் அதிபர், உப அதிபர், செயலாளர், பொருளாளர். சங்கத்தின் தலைவர் அதிபரேதான், பதவி வழியாக. பள்ளிக்கூடத்தின் அன்றாடக் காரியங்களைப் பாடசாலை மட்டத்திலேயே தீர்மானிக்கலாம் என்று 2006 அளவில் ஒரு வேலைத்திட்டம் வந்தது. அபிவிருத்திக் குழு, அபிவிருத்திச் சங்கம், வருடத் திட்டம் எல்லாம் அதன்படி இங்கே உண்டு. கூட்ட அறிக்கை வாசித்தார்கள், ஏற்றார்கள், வழிமொழிந்தார்கள். அதை இங்கே எழுத ஒன்றுமில்லை.

பிறகு பொருளாளர் எழுந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க டீச்சர், நீலக் கரைச் சேலை. கணக்கறிக்கையை அவர் வாசித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தொகையைச் சொன்னதும் ஒரு கணம் நிறுத்தி, கூட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போனார். குழாய் திருத்தியது. போட்டோக் கொப்பி இயந்திரத்துக்கு மை. விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம். மலசலகூடம் கழுவும் அம்மாவுக்கு மாதக் கூலி, பன்னிரண்டு மாதத்துக்கும். இரவுக் காவலாளிக்கு. கணிதப் பயிற்சித் தாள்.

தாள் என்றதும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளை அச்சிடத் தாள் இல்லை என்று ஒத்திவைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தாளும் மையும் இறக்குமதி செய்ய நாட்டில் டொலர் இருக்கவில்லை. அடுத்த மாதங்களில் பெற்றோல் இல்லை, கொழும்புப் பள்ளிக்கூடங்களையே பூட்டினார்கள். அதற்கு முந்திய வருடம் தொற்றுக்காலம், அதற்குள்ளேயே ஆசிரியர்களின் சம்பள முரண்பாட்டுப் போராட்டம், ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை. அந்த இரண்டு வருடத்தைத் தொலைத்த பிள்ளைகள் இப்போது இந்த மண்டபத்துக்கு வெளியே மைதானத்தில் நிற்கிறார்கள். அன்று ஆறாம் தரத்தில் இருந்தவர்களுக்கு இன்று மீசை அரும்பியிருக்கிறது.

அரசாங்கம் கொடுப்பது எது என்று யாரோ கேட்டார்கள். அதிபர் பொறுமையாகவே விளக்கினார். ஆசிரியர் சம்பளம் திறைசேரிப் பணம். பாடநூல் 1980இலிருந்து இலவசம். சீருடைத் துணி இலவசம். 2025இல் நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்குமான துணியையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. இவற்றைத் தவிர ‘தர உள்ளீடு’ என்று ஒரு தொகை, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வகுப்புகளையும் வைத்துச் சூத்திரப்படி கணக்கிட்டு வரும். அதில் தேசப்படமும் ஆய்வுகூடக் குடுவையும் வாங்கலாம். குழாய் திருத்தவும் மலசலகூடம் கழுவும் கைக்குக் கூலி கொடுக்கவும் அது எட்டாது. அவற்றைச் சங்கம்தான் பார்க்க வேண்டும்.

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கு என்று கேட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அண்மைய வருடங்களில் நாடு செலவழித்தது 2 வீதத்துக்கும் குறைவு. மிச்சத்தின் ஒரு துண்டு இந்த நீலக் கரைச் சேலைக்காரர் வாசிக்கும் கொப்பியில் இருக்கிறது. பெற்றோரைக் கட்டாயப்படுத்திப் பணம் வாங்கக் கூடாது என்று அமைச்சு திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை அனுப்புகிறது. அது நியாயமான சுற்றறிக்கைதான். அதே உறைக்குள் மலசலகூடம் கழுவும் அம்மாவின் கூலியையும் வைத்து அனுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கணக்கறிக்கை முடிந்தபோது இரண்டாம் வரிசையில் ஒரு தாய் எழுந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை.

“சேர், பத்தாம் வகுப்பு ‘பி’க்கு கணிதத்துக்கு ஆள் இல்லாம எத்தின மாசம்? பிள்ளை அடுத்த வருஷம் ஓ.எல். எடுக்கணும். நாங்க வேற ஒண்டும் கேக்கல்ல.”

அதிபர் பதில் சொல்லாமல் மேசையிலிருந்து ஒரு கோவையை எடுத்தார். பச்சை அட்டை, மூலை மடிந்து நூல் தெரிகிறது. பக்கம் பக்கமாகப் புரட்டிக் கூட்டத்துக்குக் காட்டினார். எல்லாம் கடிதப் பிரதிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஊதா நிற முத்திரை, உள்ளே திகதி. கடைசி வாங்கிலிருந்து எழுத்தை வாசிக்க முடியவில்லை, முத்திரைகளை எண்ண முடிந்தது. ஏழு.

“கோட்டத்துக்குக் குடுத்தேன் அம்மா. வலயத்துக்குக் குடுத்தேன். மாகாணத்துக்கு நேரிலயே போனேன். பொறுப்பேற்றதாத்தான் முத்திரை இருக்கு. இருந்த சேர் இடமாற்றத்தில போனார், பதிலுக்கு ஆள் வரல்ல. ஆளை நியமிக்கிற அதிகாரம் எனக்கில்ல.”

பொய் இல்லை. அவர் முகத்தில் அது தெரிந்தது. அந்தத் தாயும் உட்காரவில்லை.

இந்தப் பள்ளிக்கூடத்தை யார் ஆளுகிறார்கள் என்பது அந்தப் பச்சைக் கோவைக்குள் இருக்கிறது. 1987இல் அரசியலமைப்புக்குப் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன. நாட்டின் பத்தாயிரத்துச் சொச்சம் அரசாங்கப் பாடசாலைகளில் நானூறுக்குக் கிட்டத்தான் தேசிய பாடசாலைகள். அவை பத்தரமுல்லையில் இசுருபாயவில் இருக்கும் கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக வரும். மற்றவை எல்லாம் மாகாணத்துக்கு. மேல் மாகாணத்தில் பதினொரு கல்வி வலயங்கள், அதில் கொழும்பு ஒன்று. ஒரே தெருவில் ஒரு தேசிய பாடசாலையும் ஒரு மாகாணப் பாடசாலையும் இருக்கும். இரண்டுக்கும் பாடநூல் ஒன்று, பரீட்சை ஒன்று. ஆசிரியரை நியமிக்கும் கை வேறு, கட்டடத்துக்குப் பணம் வரும் வழி வேறு.

சரி, மாகாணத்தைக் கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய அவை இல்லை. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29இல். அதன் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. கொட்டாஞ்சேனைக்கு அந்த ஏப்ரல் வேறு காரணத்துக்காக நினைவிருக்கிறது. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த மாதம் அது. இறந்தவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்த ஊரில், மாகாண சபை கலைந்ததை யார் கவனித்திருப்பார்கள்? அன்றிலிருந்து ஆளுநரும் அதிகாரிகளும்தான். ‘எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் எங்கே?’ என்று எழுந்து கேட்கவேண்டிய உறுப்பினர் ஒருவர் இந்தப் பகுதிக்கு இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தேர்தலில் வென்றவர் யாருமில்லாததால்தான் கைப்பையை அணைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்கிறார், பதில் சொல்ல அதிகாரமில்லாத ஒருவரிடம்.

நான் இருக்கும் வெள்ளவத்தையில் இதே கவலைக்கு வேறு உருவம். அங்கே வருடா வருடம் தாய்மார் கோவைகளோடு அலைவார்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வீட்டு உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல். அனுமதிச் சுற்றறிக்கையின்படி பாதி இடம் அருகில் வசிப்போருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கனவே படிப்பவரின் சகோதரருக்கு. விரும்புகிற பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறு பள்ளிக்கூடம் இருந்தால் புள்ளி குறையும். வாடகை வீட்டில் இருப்பவரின் கோவை எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். வசதியுள்ளவர்கள் சர்வதேசப் பாடசாலைக்குப் போகிறார்கள். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவை, அமைச்சின் கட்டுப்பாட்டுக்கு வெளியே. பின்னேரங்களில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளுக்கு வழிவிட்டு நடக்க வேண்டும். கணித ஆசிரியர் இல்லாத வகுப்பை அங்கே காசு மூடிவிடும். இங்கே மூட ஆளில்லை.

வரும் வழியில் புனித பெனடிக்ற் கல்லூரியின் மதிலைக் கடந்தேன், 1865இல் தொடங்கியது. அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் 1960 நினைவுக்கு வரும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியில் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தபோது மிஷன் பள்ளிக்கூடங்களும் இந்துச் சபைகளின் பள்ளிக்கூடங்களும் அரசாங்க உதவியோடு தனித்தனி முகாமைகளின் கீழ் இருந்தன. 1960, 61 சட்டங்கள் அவற்றை அரசுக்கு எடுத்தன. கையளிக்க விரும்பாதவை கட்டணம் வாங்காமல், உதவியும் இல்லாமல் தனியே நிற்கலாம் என்றார்கள். கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் போய் உட்கார்ந்து மறித்தார்கள். கடைசியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பெனடிக்ற் போன்றவை தனியாகவே நின்றன, திருச்சபையும் பழைய மாணவரும் தாங்கினார்கள். பெரும்பாலான தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் அரசோடு போயின. போனது சரிதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறந்தது அதனால்தான். ஆனால் எடுத்துக்கொண்டவர் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

அதிபர் பெறுபேற்றைச் சொல்லும் முறை வந்தது. தரம் ஐந்து புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் பெயரை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். சாதாரண தரத்தில் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்களின் தொகையையும் ஒளிக்காமல் சொன்னார். 2025 ஜூலையில் வெளியான பெறுபேற்றில் நாட்டின் மொத்தம் 73.45 வீதம், எங்களுடையது அதைவிடக் குறைவு என்றார். ‘எங்களுடையது’ என்ற சொல்லை அவர் சொன்னபோது மண்டபம் அமைதியாக இருந்தது.

யாரும் அங்கே பேசாத ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. வசதி குறைந்த ஊர்ப் பிள்ளைக்கு நீதி செய்யத்தான் இந்த முறை. அந்தப் பதினாறில் நுவரெலியா உண்டு, யாழ்ப்பாணம் உண்டு, மன்னார் உண்டு. கொழும்பு இல்லை. புளூமெண்டால் வீதியில் ஒற்றை அறையில் இருந்து படிக்கும் பிள்ளை, கொழும்பு ஏழில் பெரிய ஆய்வுகூடமும் நீச்சல் தடாகமும் உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளையோடு ஒரே மாவட்டப் பட்டியலில் நிற்கிறது, அதே இசட் புள்ளிக்கு. பின்தங்கிய மாவட்டத்தைக் கணக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பின்தங்கிய தெரு கண்ணில் படவில்லை.

வாக்கெடுப்பு வந்தது. செயலாளர் பிரேரணையை வாசித்தார். பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம் படிப்பிக்கத் தொண்டர் ஆசிரியர் ஒருவரைப் பிடிப்பது. மாதக் கொடுப்பனவைச் சங்கம் தருவது. அந்த இரண்டு தரத்துப் பெற்றோரும் இயன்றதைத் தருவது. முகத்துவாரத்தில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று வரத் தயாராம்.

எனக்கு முன்னால் இருந்த பாட்டி மெதுவாக எழுந்தார்.

“எம் பேத்தி ஆறாவதுதானே படிக்குது. நானும் குடுக்கணுங்களா சேர்?”

“வேணாம் அம்மா. உங்களுக்கு இல்ல.”

“சரிங்க.” உட்கார்ந்தார். கைகளை உயர்த்தச் சொன்னபோது அவருடைய கைதான் முதலில் எழுந்தது. பேத்தி ஆச்சரியத்தோடு பாட்டியைப் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாக. ஓட்டோக்காரர் சாவியோடேயே கையைத் தூக்கினார். கேள்வி கேட்ட தாய் இன்னும் நின்றுகொண்டிருந்தார், கை பாதிவரை எழுந்தது, நின்றது, பிறகு மேலே போனது. கணக்கிட்டார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை. மடியில் கிடந்த என் கைகள் இரண்டும் சூடாக இருந்தன.

கூட்டம் கலைந்ததும் பொருளாளரின் மேசையில் வரிசை. பாலில்லாத் தேத்தண்ணியும் ஆளுக்கொரு மாலு பணிசும் கொடுத்தார்கள். தங்கை மடித்துத் தந்த காசை நீட்டினேன். டீச்சர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு காபன் தாள்களைச் செருகினார். இரண்டும் பலமுறை எழுதித் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பழைய பெயர்கள் தெரியும்படி இருந்தன. மூன்றாம் பிரதியிலும் விழவேண்டும் என்று பேனாவை அழுத்தி, பெருவிரல் வெளுக்க எழுதினார்.

“பத்து ‘பி’யா? உங்க பிள்ளை கெட்டிக்காரி. நான் புவியியல்தான். ஓய்வுப் பாடவேளையில போய் நிக்கிறேன், கேத்திரகணிதம் மட்டும் எனக்கு வராது. பிள்ளைகளே கரும்பலகையில எனக்குச் செய்து காட்டுதுகள்.” சீட்டைக் கிழித்துத் தந்தார். “இனி ஒரு ஆள் வந்திடும்.”

படிக்கட்டால் இறங்கும்போது பத்து ‘பி’யைக் கடந்தேன். பூட்டியிருந்தது. கதவில் நேரசூசி ஒட்டியிருந்தார்கள், அளவுகோல் வைத்துக் கீறிய கட்டங்கள், பிள்ளை ஒன்றின் அழகான கையெழுத்து. தமிழ், சமயம், விஞ்ஞானம், வரலாறு, எல்லாக் கட்டத்திலும் பாடத்தின் கீழே ஆசிரியரின் முதலெழுத்து நீலப் பேனாவால். கணிதக் கட்டங்களில் மட்டும் பென்சில். எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடங்களில் தாள் நொய்ந்துபோயிருந்தது.

பஸ் தரிப்பில் தங்கையின் அழைப்பு வந்தது.

“அக்கா, கையெழுத்துப் போட்டீங்களா?”

“போட்டன்.”

“என்ன பேசினவை?”

155 வந்துவிட்டது. “வீட்டுக்குப் போய்ச் சொல்லுறன்” என்றேன்.